பெட்டியில் உட்காராத தாடை

எலும்பு பெட்டிக்குள் உட்கார மறுத்தது.

ரெனிட்டா அதை மறுபடியும் தூக்கி, ஃபோம் மெத்தையில் வெட்டியிருந்த பள்ளத்தில் இறக்கிப் பார்த்தாள். முன்முனை உள்ளே போனது. பின்முனை பள்ளத்தின் விளிம்பில் ஏறிக்கொண்டு நின்றது. ஒரு விரல் அகலம்கூட இருக்காது அந்த வித்தியாசம். ஆனால் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"இந்தப் பள்ளத்த என் கையாலயே வெட்டுனேன் மேடம். எலும்ப மேல வச்சு கோடு போட்டு, பிளேடால வெட்டுனேன். கைய விட்டா தானா போயி உக்காந்துக்கும். இப்ப உக்கார மாட்டேங்குது."

எதிரே நின்றிருந்த ஜெபசீலி பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் அவள் இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர். ஓசூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் தீப்பிடித்தது, மெஷின் உடைந்தது என்று வருகிறவர்களின் பொய்களைப் பிரித்துப் போடுவதே வேலை. அங்கே பழகிய கண், எதையும் முதலில் நம்புவதில்லை.

"ஃபோம் வெயில்ல சுருங்கியிருக்கும்னு எங்க சர்ச் அருள் அண்ணா சொல்றாரு" என்றாள் ரெனிட்டா.

"வெயில்ல சுருங்குற ஃபோம் எல்லாப் பக்கமும் சுருங்கும். ஓரத்துல பெட்டிக்கும் ஃபோமுக்கும் நடுவுல இடம் விழுந்திருக்கணும். இங்க ஒரு முடி நுழையாது. சுருங்குனது மெத்தை இல்ல, வளந்தது எலும்பு."

"செத்து பல கோடி வருஷம் ஆனப்புறம் வளருதா மேடம்? நான் உயிரோட இருந்தே வளரல" என்றான் சமியுல்லா. ஜெபசீலியின் உதவியாளன், ஓட்டுநர், சில சமயம் தலைவலி. உயரம் குறைவு, வாய் அதற்கு ஈடு கட்டியது.

ரெனிட்டா சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. ஓசூர்க் கல்லூரி ஒன்றில் நிலவியல் கற்பிக்கிறவள். போன வருடம் அரியலூர் ஓடை ஒன்றில் மழை அரித்த கரையிலிருந்து இந்தத் தாடைத் துண்டை எடுத்தாள். முதலை மாதிரி நீண்ட மூஞ்சி, கூம்பு கூம்பாகப் பல்லின் அடிகள். ஒரு கம்பெனி பஸ்ஸைவிட நீளமான, ஆற்றில் இறங்கி மீன் பிடித்துத் தின்ற ராட்சச டைனோசரின் தாடை என்று அவள் சொன்னாள். பலர் நம்பவில்லை. இன்று நான்கு மணிக்குச் சென்னையிலிருந்து மூன்று நிபுணர்கள் அதை நேரில் பார்க்கக் கல்லூரிக்கு வருகிறார்கள்.

"இது நெஜம் இல்லேன்னு உறுதியா தெரியுமா?" என்றாள் ஜெபசீலி.

"நாக்குல வச்சுப் பாத்தேன்."

சமி நிமிர்ந்தான். "எத? டைனோசரையா?"

"பழைய எலும்புல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நெறைய இருக்கும். உடைஞ்ச எடத்துல நாக்க வச்சா ஒட்டிக்கும். சாதாக் கல்லுல ஒட்டாது. எங்க தொழில்ல இது பழக்கம். இதுல ஒட்டல."

"நல்லவேள நம்ம தொழில்ல அந்தப் பழக்கம் இல்ல மேடம். பொணம் கெடச்சா என் கதி என்ன ஆவறது."

"சமி, வாய மூடு. ரெனிட்டா, இத விட்டுட்டு எப்ப போனீங்க?"

கல்லூரி வாசலில் வைக்க, அதே தாடையை உருக்கில் வார்த்துக் கொடுக்கிறோம் என்று பேரண்டபள்ளி தாண்டியிருக்கும் ஒரு ஃபவுண்டரி முன்வந்திருந்தது. யோசனை அங்கே பேட்டர்ன் ஷாப் பொறுப்பாளரான அருள்ஜோசப்புடையது. ரெனிட்டாவின் சர்ச்சைச் சேர்ந்தவர். அவள் எலும்பைப் போர்வையில் சுற்றி இரண்டு வாரம் அங்கே விட்டிருந்தாள். பெட்டி வீட்டிலேயே இருந்தது. உருக்குத் தாடை போன வாரம் வாசலில் ஏறியது. எலும்பை அருள்ஜோசப்பே அதே போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். இன்று காலைதான் அவள் போர்வையைப் பிரித்தாள்.

"வித்துட்டேன்னுதான் நெனப்பாங்க மேடம்." அவள் குரல் இறங்கியது. "வேலை போனா போகட்டும். இந்த வகையோட மொதல் எலும்புங்க எகிப்துல கெடச்சுது. ஜெர்மனியில, மியூனிக் மியூசியத்துல கொண்டுபோய் வச்சாங்க. ஆயிரத்து தொள்ளாயிரத்து நாப்பத்து நாலுல குண்டு விழுந்து எல்லாம் போச்சு. வரஞ்ச படம்தான் மிச்சம். இதுக்கு நான் ஒழுங்கா படம்கூட இன்னும் வரையல."

ஜெபசீலி பெட்டியை மூடினாள். "போலிய இங்க உங்க வீட்டு அலமாரிலயே வச்சுப் பூட்டுங்க. காலிப் பெட்டிய எடுத்துக்குங்க. நீங்களும் வாங்க."

"காலிப் பெட்டி எதுக்கு மேடம்?" என்றான் சமி.

"மாப்பிள்ளை கெடச்சா சட்டை அளவு பாக்க வேணாமா?"

*

அருள்ஜோசப் ஃபவுண்டரி வாசலுக்கே வந்து நின்றார். நெற்றியில் கவலை, கையில் ரெனிட்டாவுக்காகத் தண்ணீர் பாட்டில்.

"பாப்பா, நீ அழாத. கர்த்தர் இருக்காரு. நான் இருக்கேன்" என்று அவள் தலையைத் தொட்டார். பிறகு ஜெபசீலியிடம் திரும்பினார். "எனக்கு ஒருத்தன் மேலதான் மேடம் சந்தேகம். கங்கப்பன். எங்க பேட்டர்ன் மேக்கர். மூணு நாளா ஆளு காணோம். போனும் எடுக்கல."

அவர்களைப் பேட்டர்ன் ஸ்டோருக்கு அழைத்துப் போனார். உருக்கை ஊற்றுவதற்கு முன் மணலில் அச்சுப் பதிக்க வேண்டும். அந்த அச்சைப் பதிக்க ஒரு மாதிரி உருவம் வேண்டும். அதுதான் பேட்டர்ன். பம்பின் வயிறு, வால்வின் கழுத்து, பல்சக்கரத்தின் பாதி என்று நூற்றுக்கணக்கான பேட்டர்ன்கள், எல்லாம் நீலப் பெயின்ட் அடித்து, ராக்கிலும் தரையிலும் விறகு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நடு ராக்கில் ஒரு கோணிப்பையின் மேல், அதே நீலத்தில் டைனோசரின் தாடை.

"இதுதான் நாங்க செஞ்ச பேட்டர்ன். ஸ்டோருக்குள்ள பத்திரமா இருக்கு. பாத்துக்குங்க" என்றார் அருள்ஜோசப்.

டீ வந்தது. சமி ஒரு வாய் குடித்துவிட்டு, கைக்கு வாகாக இருந்த இடத்தில் கிளாஸை வைத்தான். அந்த இடம் நீலத் தாடையின் முதுகு. அருள்ஜோசப் சட்டென்று கிளாஸை எடுத்துத் தரையில் வைத்தார். "பெயின்ட் போயிடும் தம்பி" என்றார்.

பக்கத்தில் கங்கப்பனின் வேலை மேசை. சமியின் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இரண்டு இரும்பு ஸ்கேல்களை எடுத்து ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்தான்.

"மேடம், இங்க பாருங்க. ஒரு அடி ஸ்கேலு, இன்னொரு ஒரு அடி ஸ்கேல விட நீளமா இருக்குது. இத ஒரு ஜவுளிக்கடையில வச்சா ஊரே அங்கதான் துணி எடுக்கும்."

அருள்ஜோசப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொழிலைப் பற்றிக் கேட்டால் எவனுக்கும் வாய் திறந்துகொள்ளும். "அது சுருக்க ஸ்கேல் தம்பி. உருக்கு ஆறுனா சுருங்கும், நூத்துக்கு ரெண்டு பங்கு. அதனால பேட்டர்ன முன்கூட்டியே அந்த ரெண்டு பங்கு பெருசா செய்வோம். அந்தக் கணக்க மனசுல போட வேணாம்னு ஸ்கேலயே இழுத்து வச்சிருக்கோம்."

ஜெபசீலியின் புருவம் உயர்ந்தது. "அப்ப ரெனிட்டா பெட்டியில உக்காராத போலி, இந்த ஸ்கேல்ல அளந்து செஞ்சது. அதனாலதான் பெருசா இருக்கு."

"பெட்டியா?" என்றார் அருள்ஜோசப்.

"எலும்ப வைக்க அளவெடுத்து ஃபோம் பெட்டி செஞ்சேன்னு சொன்னேனே அண்ணா, காலையில போன்ல" என்றாள் ரெனிட்டா.

"ஆமா, ஆமா, சொன்ன." அவர் தலையசைத்தார். பிறகு குரலில் வேகம் வந்தது. "அதத்தான் மேடம் நானும் சொல்றேன். பேட்டர்ன் ஒண்ணு செஞ்சான். கூடவே போலி ஒண்ணும் செஞ்சிருக்கான். கை பழக்கம், ரெண்டுக்கும் ஒரே ஸ்கேல எடுத்திருக்கான். மாட்டிக்கிட்டான். அவன் மச்சினிச்சி கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. டேம்கிட்ட மீன் கடை வச்சிருக்கு. அங்கதான் இருப்பான். இப்ப கெளம்பினீங்கன்னா புடிச்சிடலாம்."

ஜெபசீலி நன்றி சொன்னாள். வெளியே வரும்போது ஒருமுறை திரும்பி அந்த ராக்கைப் பார்த்தாள். ஏதோ ஒன்று உறுத்தியது. அது என்னவென்று அவளுக்கே பிடிபடவில்லை.

*

சமியின் ஓம்னி வேன் சூளகிரி தாண்டித் தெற்கே ஓடியது. ஓடியது என்பது கொஞ்சம் மரியாதைக்காகச் சொல்வது. ரெனிட்டா பின்சீட்டில் காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மணி பன்னெண்டரை ஆவுது மேடம்" என்றாள். அதற்கு முன்பும் இரண்டு முறை சொல்லியிருந்தாள்.

"திருடன் மீன் சாப்பிடப் போன எடத்துக்கே நாமளும் போறோம். மீன் திங்குற டைனோசர் கேஸு, வேற எங்க போய் முடியும்" என்றான் சமி.

அணைக்கு வெளியே வரிசையாக மீன் கடைகள். மசாலா தடவிய மீன் எண்ணெயில் விழும் சத்தம் ரோடு வரை கேட்டது. மூன்றாவது கடையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் மீன் திருப்பிக்கொண்டிருந்தார். மனைவி மாதேஸ்வரி பக்கத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். தேடப்படுகிற திருடன் இப்படி நடு ரோட்டில் நின்று, வருகிறவனை எல்லாம் வாங்க வாங்க என்று கூப்பிட மாட்டான்.

"கங்கப்பன் நீங்கதானே?"

"ஆமாங்க. மூணு பேருங்களா? உக்காருங்க, ஜிலேபி மீனு இருக்குது, ரோகு இருக்குது."

"ஃபவுண்டரியிலேர்ந்து வரோம். உங்கள மூணு நாளா காணோம்னு தேடறாங்க."

கங்கப்பன் கரண்டியோடு திரும்பினார். "தேடறாங்களா? அருள் சார்தானுங்களே லீவு குடுத்தாரு. நல்லா வேல செஞ்ச, போயி ஒரு வாரம் மீன் தின்னுட்டு வான்னாரு. கம்பெனி போன வச்சிட்டுப் போ, எவனும் தொல்ல பண்ண மாட்டான்னு வாங்கி வச்சிக்கினாரு."

"எங்க வீட்டுக்காரருக்கு இருவது வருஷத்துல கெடச்ச மொதல் லீவுங்க" என்றாள் மாதேஸ்வரி. "என்னமோ நடக்கப் போவுதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

ரெனிட்டா முன்னால் வந்தாள். "அண்ணே, அந்தத் தாடைய நீங்க எத்தன செஞ்சீங்க? உண்மைய சொல்லுங்க. என் உசுரே அதுலதான் இருக்கு."

"ஒண்ணுதாம்மா."

"ரெண்டாவது?"

"ரெண்டாவது எதுக்கும்மா? ஒரு பேட்டர்ன் இருந்தா எத்தன வேணா வார்க்கலாமே. ஒண்ணுதான் செஞ்சேன்."

ஜெபசீலி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீலப் பெயின்ட் எப்ப அடிச்சீங்க?"

"நான் அடிக்கலீங்களே. வார்த்து முடிச்சதும் அது மேல கல்லுத்தூள் பூசி எலும்பு கலரு குடுக்கச் சொன்னாரு. உள்ள இரும்பு குண்டு போட்டு வெயிட்டும் ஏத்தச் சொன்னாரு. காலேஜி புள்ளைங்க தூக்கிப் பாத்தா நெஜம் மாதிரி இருக்கணும்னாரு. நானும் நல்லதுதானேன்னு செஞ்சேன்."

ஜெபசீலி இரண்டு விரல்களை நீட்டினாள்.

"ரெனிட்டா வீட்டு அலமாரில ஒண்ணு. ஸ்டோர் ராக்குல ஒண்ணு. ஆக ரெண்டு. கங்கப்பன் செஞ்சது ஒண்ணு, அது அலமாரில இருக்கு." ஒரு விரலை மடக்கினாள். "அப்ப ராக்குல இருக்கறத செஞ்சது யாரு?"

கங்கப்பன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஆண்டவரு" என்றாள் ஜெபசீலி. "பல கோடி வருஷம் முன்னாடி. போன வாரம் அதுக்கு அருள்ஜோசப் நீலப் பெயின்ட் அடிச்சிருக்காரு."

ரெனிட்டா பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அருள் அண்ணாவா?" என்றாள். எலும்பைக் கொண்டுவந்த அன்று, முதன்முதலில் அவர் வீட்டு மேசையில்தான் போர்வையைப் பிரித்துக் காட்டியிருந்தாள்.

"எனக்கு அங்கயே உறுத்துச்சு" என்றாள் ஜெபசீலி. தன்மேல் அவளுக்குக் கோபம். "மத்த பேட்டர்ன் எல்லாம் தரையில உருண்டு கெடக்குது. அதுக்கு மட்டும் கோணி மெத்தை. எந்த ஃபவுண்டரில பேட்டர்னுக்கு டீ கிளாஸ் பட்டா பதறுவாங்க?"

சமியின் வாயில் மீன் பாதியில் நின்றது. "மேடம். நான் டீ கிளாஸ வச்சது..."

"ஆமா."

"டைனோசர் மேலயா?"

"ஆமா. எந்திரி, வண்டிய எடு."

எழுவதற்கு முன் சமி ஒரு நல்ல காரியம் செய்தான். ஃபவுண்டரி கேட்டுக்குப் போன் போட்டு, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திபெலெயில் இருக்கும் ஏதோ ஒரு கம்பெனி ஆள் மாதிரி கன்னடத்தில் அதட்டினான். நம்ம பேட்டர்ன் இன்னும் வரலையே என்றான். செக்யூரிட்டி பதறிப்போய்ப் பதில் சொன்னார். அருள் சாரே எடுத்துக்கிட்டு வராருங்க, நீலப் பேட்டர்ன், வேன்ல ஏத்தியாச்சு, சாப்பிட்டு முடிச்சதும் கெளம்பிடுவாரு.

"நம்மள தெக்கால அனுப்பிட்டு அவரு வடக்கால கெளம்புறாரு" என்றான் சமி. "பார்டர தாண்டிட்டா முடிஞ்சுது."

*

அடுத்த ஒரு மணி நேரம் சமி பேசவில்லை. அதிலிருந்தே நிலைமை எவ்வளவு மோசம் என்று ஜெபசீலிக்குத் தெரிந்தது.

ஃபவுண்டரிகளுக்கு நடுவே பேட்டர்ன் போவதும் வருவதும் தினசரி வேலை. ஒரு கேட் பாஸ் இருந்தால் போதும், எந்த செக்போஸ்ட்டிலும் ஒருவரும் இரண்டாவது தடவை பார்க்க மாட்டார்கள். ராணி நகையைத் திருடிக் கவரிங் கடையில் தொங்கவிட்டு, அங்கிருந்து பில் போட்டு வாங்கிப் போவது மாதிரி. யோசித்தவன் கெட்டிக்காரன்தான் என்று ஜெபசீலி மனசுக்குள் ஒப்புக்கொண்டாள். எரிச்சலாகவும் இருந்தது.

"மணி ரெண்டே முக்கால்" என்றாள் ரெனிட்டா.

ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பாலம் வந்ததும் வண்டி ஊர ஆரம்பித்தது. சிப்காட்டில் ஷிப்ட் மாறும் நேரம். வெள்ளை வெள்ளையாகக் கம்பெனி பஸ்கள் ரோட்டை அடைத்து நின்றன. பஸ் ஜன்னல்களில் யூனிபார்ம் போட்ட பெண்கள் தலையைச் சாய்த்துத் தூங்கினார்கள். ரெனிட்டா கதவைத் திறந்து இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தாள்.

"நமக்கு அடச்ச ரோடு அவருக்கும் அடச்சிருக்கும்" என்றாள் ஜெபசீலி. "சமி, பார்டர்கிட்ட ஜூஜூவாடியில உனக்கு ஆள் இருக்குன்னு சொல்வியே."

"ஜமீர் அகமது. என் சித்தப்பா பையன். டெம்போ ஓட்டறான். அவன் டெம்போ தெனம் ரோட்டு நடுவுல நின்னுடும்." சமி போனைக் காதில் வைத்தான். "ஜமீரு, எங்கிருக்க? சர்வீஸ் ரோடா? உன் வண்டி இன்னிக்கு நின்னுச்சா? இன்னும் நிக்கலையா? இப்ப நிக்க வைடா. செக்போஸ்ட்டுக்கு முன்னால. குறுக்கால. வெள்ள வேனு, ஃபவுண்டரி பேரு எழுதியிருக்கும். காரணம் அப்புறம் சொல்றேன்."

அவர்கள் ஜூஜூவாடியை அடைந்தபோது ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. ஜமீரின் டெம்போ குறுக்கே நின்றது. ஜமீர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே எதையோ தேடுகிறவன் போலத் தலையை விட்டிருந்தான். அதன் பின்னால் வெள்ளை வேன். வேனின் பக்கத்தில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்த அருள்ஜோசப், ரெனிட்டாவைப் பார்த்ததும் நிறுத்தினார்.

ஒரே ஒரு வினாடிதான். பிறகு முகத்தில் பழைய அண்ணன் திரும்பி வந்துவிட்டான்.

"பாப்பா, என்ன இங்க? கங்கப்பன் கெடச்சானா?"

"கெடச்சாரு. மீன் நல்லா இருந்துச்சு" என்றான் சமி.

செக்போஸ்ட்டிலிருந்து எஸ்.ஐ. ஒருவர் வந்தார். ஜெபசீலி விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. அருள்ஜோசப் அமைதியாகக் கேட் பாஸை நீட்டினார். எஸ்.ஐ. அதை வாங்கிப் பார்த்தார். வேனுக்குள்ளும் பார்த்தார். உள்ளே கோணிமேல் நீலத் தாடை.

"பேட்டர்னுன்னு போட்டிருக்கு, பேட்டர்ன்தான் இருக்கு. கம்பெனி சீல் இருக்கு. தெனம் இதுபோல நாப்பது வண்டி போவுதும்மா. எதுக்கு இவர நிறுத்தறீங்க?"

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார். ஒரே ஒரு தடவ இத இந்தப் பெட்டியில வச்சுப் பாத்துக்கறோம்."

எஸ்.ஐ. தோளைக் குலுக்கினார். சமியும் ரெனிட்டாவும் சேர்ந்து தாடையைத் தூக்கினார்கள். சமி இந்த முறை அதைப் பச்சைக் குழந்தையைத் தொடுகிற மாதிரி தொட்டான். பெட்டி திறந்து வேனின் படியில் இருந்தது. பள்ளத்துக்கு நேராகப் பிடித்து, இறக்கி, ரெனிட்டா கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாள்.

தாடை உள்ளே போய் உட்கார்ந்தது. முன்முனை, பின்முனை, நடுவில் ஒரு சின்னப் புடைப்பு, எல்லாம் அதனதன் இடத்தில். அவள் கண்ணைத் திறந்து பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

அருள்ஜோசப் சிரித்தார். "உக்காராம என்ன செய்யும் சார்? அந்த எலும்ப பாத்து அச்சு அசலா அதே அளவுல செஞ்ச பேட்டர்ன் இது. அது உக்காந்த எடத்துல இதுவும் உக்காரும். இதுல என்ன அதிசயம்?"

எஸ்.ஐ. தலையை ஆட்டினார். நியாயமாகத்தான் பட்டது.

"அதே அளவா?" என்றாள் ஜெபசீலி.

"அதே அளவு. மயிரிழை மாறாது."

"எத்தன வருஷமா சார் உருக்கு ஃபவுண்டரில இருக்கீங்க?"

"பதினெட்டு வருஷம்."

"பதினெட்டு வருஷமா பேட்டர்ன் ஷாப்ல இருக்கறவரு. உருக்கு ஆறுனா சுருங்கும், அதனால பேட்டர்ன பெருசா செய்வோம்னு இன்னிக்குக் காலையில நீங்களே சொன்னீங்க. பெருசா செஞ்ச அந்தப் பேட்டர்ன் இந்தப் பெட்டியில உக்காரக் கூடாது. உக்காரவும் இல்ல. அது ரெனிட்டா வீட்டு அலமாரில இருக்கு." அவள் குரல் உயரவே இல்லை. "இது உக்காந்திருச்சு. இதுவும் பேட்டர்னுன்னா, நூத்துக்கு அந்த ரெண்டு பங்கு எங்க சார் போச்சு?"

அருள்ஜோசப்பின் கண் வேன் கதவின் பக்கம் போனது. சுற்றி நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் சிப்காட் யூனிபார்மில் இருந்தார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. எவனோ ஒருவன் விசிலடித்தான். எஸ்.ஐ.க்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கேட் பாஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அருள்ஜோசப் ரெனிட்டாவின் பக்கம் திரும்பினார். அவருக்கு மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

"பாப்பா, நான் சொல்றத கேளு. பெங்களூர்ல ஒருத்தரு கண்ணாடி ரூம் கட்டி வச்சிருக்காரு. ஏசி போட்டு, ராஜா மாதிரி வச்சுப்பாரு. உன் காலேஜ்ல அது அலமாரில கெடந்து தூசிதான் தின்னும். நீயே சொன்ன, ஒருத்தரும் நம்பலன்னு. நம்பாதவங்களுக்கு எதுக்கு..."

ரெனிட்டா அவரைப் பார்க்கவில்லை. பெட்டியருகே மண்டியிட்டு, தாடையின் உடைந்த முனையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அவசரத்தில் அடித்த பெயின்ட். ஒரு பல் விழுந்த குழியின் ஓரத்தில் பிரஷ் போகாமல், நகக்கண் அளவுக்குப் பழுப்பு தெரிந்தது. அவள் குனிந்து, அத்தனை பேருக்கு முன்னால், அந்த இடத்தில் நாக்கை வைத்தாள்.

எஸ்.ஐ. ஒரு அடி பின்னால் போனார். "என்னம்மா பண்றாங்க அவங்க?"

"அவங்க தொழில்ல அது பழக்கம் சார்" என்றான் சமி.

நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள் உடனே எடுக்கவில்லை. மண்டியிட்டபடியே, நாக்கு எலும்பில் ஒட்டியிருக்க, தோள் குலுங்க அழுதாள். பிறகு மெல்லத் தலையை உயர்த்தி, வாயைத் துடைத்துக்கொண்டு, அருள்ஜோசப்பை முதன்முறையாக நேராகப் பார்த்தாள். உதட்டில் நீலம் ஒட்டியிருந்தது.

"மொதல்ல உங்க வீட்டு மேசையிலதான் அண்ணா காட்டுனேன்" என்றாள். "நீங்க ஒருத்தர்தான் நம்புனீங்க. அதனாலதான் திருடுனீங்களா?"

எஸ்.ஐ. அருள்ஜோசப்பின் தோளில் கை வைத்து, அவரைச் செக்போஸ்ட் கான்ஸ்டபிளிடம் ஒப்படைத்தார். தாடை போலீஸ் காவலோடு கல்லூரிக்கே வரும், தானும் கூடவே வருவதாகச் சொன்னார். நிபுணர்கள் நீல நிறத்திலேயே பார்க்கட்டும், பெயின்ட்டை அவர்கள் கண் முன்னாலேயே தான் எடுப்பதாக ரெனிட்டா சொன்னாள்.

ஜெபசீலி மணி பார்த்தாள். மூன்றேகால். "ஜமீரு, டெம்போவ எடுப்பா. நாங்க திரும்பணும்."

ஜமீர் பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்தான். முகத்தில் கிரீஸ். கண்ணில் உண்மையான பயம்.

"அக்கா, இப்ப நெஜமாவே நின்னுடுச்சுக்கா."

யூனிபார்ம் போட்ட ஆட்கள் சொல்லாமலே டெம்போவைத் தள்ள வந்தார்கள். ரெனிட்டா பெட்டியை மூடி, மடியில் வைத்துக்கொண்டு ஓம்னியின் பின்சீட்டில் உட்கார்ந்தாள். பெட்டி காலையில் இருந்ததைவிட நன்றாகக் கனத்தது. எஸ்.ஐ. குடித்துக்கொண்டிருந்த டீயோடு முன்சீட்டில் ஏறி, கிளாஸை எங்கே வைக்கலாம் என்று சமியைக் கேட்டார்.

"கையிலயே வச்சுக்குங்க சார்" என்றான் சமி.